முன்சக்கரம்

பேங்க் ஏலத்தில் எடுத்தபோது
ஜோங்காவுக்கு நாலு சக்கரம் இருந்தது,
இரண்டுக்குத்தான் வேலை.

ராணுவப் பச்சைக்கு மேல் ஒருவர் மஞ்சள் அடித்திருந்தார்,
மஞ்சளுக்கு மேல் இன்னொருவர் நீலம்.
சுரண்டச் சுரண்ட
காங்கயம் கரூர் ரோட்டு ஷெட்டில்
நின்ற இடத்திலேயே வண்டி ரிவர்ஸ் போனது.

எஞ்சின் சென்னியப்பன் பொறுப்பு.
கார்புரேட்டருக்குள் குளவிக்கூடு,
மண்ணை ஊசியால் குத்தி எடுக்க ஒரு பகல்.
வெல்டிங் என்னுடையது.
மட்கிய தரைத்தகட்டை வெட்டி எறிந்துவிட்டுக்
குனிந்தால் கீழே சிமென்ட், ஆயில் கறை,
போன மாசம் தொலைந்த பத்தாம் நம்பர் ஸ்பானர்.

பக்கத்துக்கு இரண்டு பட்டை கூட்டினோம்,
மூன்று விரற்கடை எழும்பியது.
பம்பரில் விஞ்ச்.
நொய்யல் காய்ந்து கிடக்கும் சித்திரையில்
கூரை உயரத்துக்கு மூச்சுக்குழாய்.
"ஆரைக் காப்பாத்தப் போறீங்க?" என்றான்
டீ கொண்டுவந்த பையன்.

எல்லாம் வந்துவிட்டது. முன் ஷாஃப்டு மட்டும் இல்லை.
அது சேரவேண்டிய வாயை
யாரோ எவர்சில்வர் தட்டை வட்டமாக வெட்டி
அடைத்து வைத்திருந்தார்கள்.
கிரீஸைத் துடைத்தால் மொய்த்தட்டு எழுத்து,
பாதி வெட்டுப்பட்டு:
'...லாத்தாள், முத்தூர்'.

முத்தூரில் வேலாத்தாள் இரண்டு பேர், பாலாத்தாள் ஒருத்தி.
மூன்று வீட்டிலும் மோர் குடித்தோம்.
நாலாவது மயிலாத்தாள்.
தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்து
"பதினோரு வருசமாத் தேடறேன்" என்றாள்.
கம்ப்ரசர் இழுக்க வண்டி வாங்கிய வீட்டுக்காரர்
டீசல் மிச்சம் என்று ஷாஃப்டைக் கழற்றியது,
கையில் அகப்பட்டதை வைத்து ஓட்டையை அடைத்தது,
எல்லாம் அந்தத் தட்டில் எழுதியிருந்ததுபோல் சொன்னாள்.

ஷாஃப்டு அவள் கொறங்காட்டுக் கடவில் நின்றது.
படல் அதில்தான் தொங்கியது,
கிராஸில் திரும்பியது மணிக்கட்டுப்போல.
வாரம் ஒரு சொட்டு வேப்பெண்ணெய் விட்டிருக்கிறாள்.
துரு பொட்டளவும் இல்லை.
மலையேற வேண்டியது இத்தனை நாளாய்
ஆட்டுக்குக் கதவு திறந்துகொண்டிருந்தது.
கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்,
வெள்வேல நிழலில் இருபத்திரண்டு உருப்படி
அசைபோட்டபடி எங்களைக் கணக்கெடுத்தன.

சென்னியப்பன் ஒரு விலை சொன்னான்.
"காசு படலைப் புடிச்சுட்டு நிக்குமா?"
இன்னொரு விலை சொன்னான்.
"இரும்புல கேட்டு வேணும். ஆடு முட்டித் தெறக்கக் கூடாது.
அப்பறம் என்ற தட்டு. தகடா வேண்டாம், தட்டாவே வேணும்."

வாடகை ஜெனரேட்டர், இரண்டு நாள்.
ஆங்கிள் சட்டம், குறுக்கே எட்டுக் கம்பி,
உள்ளிருந்து ஒன்று, வெளியிலிருந்து ஒன்றாகத் தாழ்ப்பாள்.
நான் முகமூடியை இறக்கும்போதெல்லாம்
ஆடுகள் திரும்பி நின்றுகொண்டன.
புதுத்தட்டில் முழுப்பேரும் வெட்டிக் கொடுத்தோம்,
எழுத்துக்கு இரண்டு ரூபாய்.

ஆடி முதல் ஞாயிறு, உப்பாற்று மணல்.
பின்சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டியது.
டிஃபரன்ஷியல் வரை அமிழவிட்டு
லீவரை இழுத்தேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஸ்டியரிங் கனத்தது,
கயிற்றின் மறுமுனையை யாரோ வாங்கிக்கொண்டதுபோல.
முன்சக்கரம் இரண்டும் மணலைக் கவ்வி
வாய்வாயாய்த் துப்பின.
சென்னியப்பன் கரையில் நின்று கத்தியது கேட்கவில்லை.
வாய் மட்டும் தெரிந்தது.

மேட்டில் ஏறி அணைத்தபோது போன் அடித்தது.
"கேட்டு மலையாட்ட நிக்குது அம்மிணி, கொறையே இல்ல.
கருங்கிடாய்தான் வேலி தாண்டிப் போயிருச்சு."
கொஞ்சம் மூச்சு விட்டாள்.
"அதுக்கு முன்னங்காலும் இழுக்குதாட்ட இருக்குது."

வருகிறோம் என்றேன்.
முத்தூருக்கு ரோடு நல்ல ரோடு.
நாங்கள் காட்டுக்குள் இறக்கினோம்.